மெட்டி கழலாத கால்

சின்னம்மாவின் இடது காலில் மெட்டி கழலவில்லை. முதலில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார், அப்புறம் சோப்பு போட்டுப் பார்த்தார். கடைசியில் ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊரில் ஒரு பத்தரிடம் போய் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, மதுரையில் 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து, "எல்லாம் சுத்தமாயிருச்சு, போயிட்டு வாங்கம்மா" என்று அனுப்பி அப்போது 14 மாதம் ஆகியிருந்தது. காலில் வலி இல்லை, சிவப்பு இல்லை. "ஒடம்பு தேறுதுல்ல, சதை போடுது" என்று அவரே சொல்லிக்கொண்டார். வலது கால் மெட்டி எப்போதும் போல லேசாகச் சுழன்றது. ஒரு காலில் மட்டும் சதை போடுமா என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சின்னம்மாவுக்கு வந்திருந்தது நிணநீர் வீக்கம், சதைக்குள் இறங்கும் நீர் திரும்ப வழியில்லாமல் தேங்குவது. காலில் அதை எந்தக் கருவியும் இல்லாமல் சோதிக்கும்போது மருத்துவர்கள் பார்ப்பது அந்த விரலைத்தான். கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில், மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்பார்கள். மடிந்து வந்தால் நல்லது. தடித்துப்போய்க் கிள்ளவே வராவிட்டால் நிணநீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். 1976இல் ஸ்டெம்மர் என்ற மருத்துவர் எழுதி வைத்ததால் அவர் பெயரில் இந்த அடையாளம் வழங்குகிறது. ஆரம்பக் கட்டத்தில் தோல் கிள்ள வரும் என்பதால், வந்துவிட்டது, ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் கூடாது. நம் பெண்கள் மெட்டி போடுவதும் அதே விரலில். மெட்டி இறுகுவது, சாயங்காலம் கொலுசுத் தடம் ஆழமாகப் பதிவது, ஒரு செருப்பு மட்டும் கடிப்பது, இவையெல்லாம் டேப் வைத்து அளக்கும் முன்பே வீட்டில் தெரிந்துவிடும் சேதிகள்.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து காலைப் பற்றிப் பேசியிருந்தால் சின்னம்மாவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அந்த ஐந்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால் கவட்டியில் உருண்டையாக ஒன்று கட்டிக்கொள்ளும். நெறி கட்டியிருக்கு என்போம். கடற்கரையில் நடந்து வளர்ந்த எல்லோருக்கும் அது தெரியும். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. உடம்பு முழுக்க இப்படி அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. ரத்தக் குழாயிலிருந்து கசிந்து சதைக்குள் இறங்கும் நீரையும், அதோடு வரும் புரதத்தையும், கிருமியையும், செத்த செல்களையும் வாரிக்கொண்டு மேலே போவது நிணநீர்க் குழாய்களின் வேலை. வழியில் இந்தக் கணுக்கள் வடிகட்டுகின்றன. நாளொன்றுக்குப் பல லிட்டர் நீர் இப்படித் திரும்புகிறது. இரண்டு கால்களின் நிணநீரும் கவட்டி, இடுப்பு, வயிறு என்று ஏறி, நெஞ்சுக்குள் ஒரே குழாயாகி, இடது கழுத்தடியில் ரத்தத்தோடு கலக்கிறது. இந்த ஓட்டத்துக்கு இதயம் போல ஒரு பம்பு கிடையாது. குழாய்கள் தாமாகச் சுருங்கித் தள்ளும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை பிழிந்து கொடுக்கும். மூச்சை ஆழமாக இழுத்து விடும்போது வயிறும் நெஞ்சும் சேர்ந்து இழுக்கும்.

கர்ப்பப்பை வாய், கர்ப்பப்பை, சினைப்பை, பெண்ணுறுப்பு, சிறுநீர்ப்பை, புராஸ்டேட், ஆணுறுப்பு, காலில் வரும் மெலனோமா என்ற தோல் புற்று, இவற்றில் எந்தப் புற்றுக்கு அறுவை செய்தாலும் கவட்டியிலோ இடுப்பெலும்புக்குள்ளோ இருக்கும் கணுக்களை எடுக்க நேரலாம். புற்று முதலில் பரவுவது அந்த வழியில் என்பதால் எடுக்கிறார்கள், எடுத்தது தப்பில்லை. அப்புறம் கதிர்வீச்சு, மிச்சமிருக்கும் மெல்லிய குழாய்களையும் தழும்பாக இறுக்கிவிடுகிறது. கணுவெடுப்பும் கதிர்வீச்சும் இரண்டும் நடந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். உடல் எடை அதிகமிருந்தால் இன்னும் கூடுதல். இதைக் குறைக்கத்தான் இப்போது, தகுந்த இடங்களில், எல்லாக் கணுக்களையும் எடுக்காமல் புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய காவல் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்திருக்கிறது. ஆண்களுக்கும் இது வரும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கைலிக்குள் மறைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சொல்லாமல் இருப்பவர்கள் அவர்கள்தான்.

அறுவை முடிந்த கையோடு வீங்காமல் ஏன் 14 மாதம் கழித்து வீங்கியது? இதை எனக்குப் புரியவைத்தது நம்ம ஊர் கண்மாய்தான். ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். அந்த 48 மடையில் 20 மடை தூர்ந்துபோனது என்று வையுங்கள். வரத்து குறைவான வருடங்களில் யாருக்கும் தெரியாது; மிச்ச மடைகள் சமாளித்துவிடும். நல்ல மழை பெய்யும் வருடத்தில்தான் தண்ணீர் ஏறிக் கரையை முட்டும். காலும் அப்படித்தான். மிச்சமிருக்கும் குழாய்கள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், அதிகப்படி வேலை பார்த்துச் சமாளிக்கின்றன. ஒரு சேற்றுப்புண், ஒரு முள், ஒரு கத்திரி வெயில், நாள் முழுக்க நிற்க வைத்த ஒரு கல்யாண வீடு என்று ஏதாவது ஒன்று வரத்தைக் கூட்டும். அன்றைக்கு வீக்கம் வெளியே தெரியும். பெரும்பாலானவர்களுக்கு முதல் சில வருடங்களுக்குள் வருகிறது. பத்து வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு.

முதலில் வரும் வீக்கம் சாதுவானது. சாயங்காலம் இருக்கும், படுத்து எழுந்தால் வடிந்திருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் பாதி ஜெயித்த மாதிரி. விட்டுவிட்டால் தேங்கிய புரதம் சதைக்குள் அழற்சியைக் கிளப்பி, நார் படிந்து, கொழுப்பும் சேர்ந்து கால் கெட்டிப்படும். அப்புறம் காலை உயர்த்தி வைத்தாலும் வடியாது, அழுத்தினாலும் குழி விழாது. நிறையப் பேர் மருத்துவரிடம் போவது அந்தக் கட்டத்தில்தான்.

நம் பக்கத்தில் வீங்கிய காலைப் பார்த்தவுடன் வாயில் வரும் சொல் யானைக்கால். அது வேறு நோய். க்யூலெக்ஸ் கொசு கடித்து உள்ளே போகும் ஒரு புழு நிணநீர்க் குழாயைக் கெடுப்பதால் வருவது. அதற்குத்தான் ராத்திரியில் வந்து ரத்தம் எடுப்பார்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும். புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு வரும் வீக்கத்தில் புழுவும் கிடையாது, கிருமியும் கிடையாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. சின்னம்மா உட்கார்ந்த பாயை மடித்து ஓரமாக வைத்த வீடு எங்கள் தெருவில் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்து அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வீக்கத்தைவிட அதுதான் அவரைப் படுக்க வைத்தது. ஒன்று சொல்ல வேண்டும்: யானைக்கால் நோயாளிகளுக்காக உலகம் முழுவதும் சொல்லிக்கொடுத்த காலைக் கழுவும் முறைதான் இவர்களுக்கும் உயிர்நாடி.

எல்லாக் கால் வீக்கமும் நிணநீர் வீக்கம் என்று நாமாக முடிவு கட்டவும் கூடாது. ஒரே நாளில் அல்லது இரண்டு நாளில் கால் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்திருக்கலாம். புற்றுநோய் வந்தவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அன்றே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த ரத்தக்கட்டி நெஞ்சுக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து. வீக்கம் வேகமாகக் கூடி, இடுப்பில் புதிதாக வலி வந்து, கால் பலவீனமாகத் தோன்றினால் நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு காலும் சமமாக வீங்கினால் இதயம், சிறுநீரகம், ஈரல், ரத்தசோகை என்று வேறு காரணங்கள் இருக்கலாம். சின்னம்மாவுக்கு இந்தச் சந்தேகங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் பெயர் வைத்தார்கள். நோய் திரும்பவில்லை என்று தெரிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப இது எப்பத்தா வடியும்?"

தானாக வடியாது. நாம்தான் தினமும் வடிக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு நெஞ்சு கனத்தது. ஆனால் இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளும்வரைதான் காசும் காலமும் வீணாகிக்கொண்டிருந்தது.

முதல் வீண், நீர் மாத்திரை. நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி லாசிக்ஸ் எழுதிக் கொடுத்தார்கள். நாலு நாள் ஓயாமல் சிறுநீர் போனது, கால் கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது, நிறுத்தியதும் பழையபடி ஏறியது. இந்த வீக்கத்தில் தேங்கியிருப்பது வெறும் நீர் கிடையாது, புரதம் கலந்த நீர். மாத்திரை நீரை மட்டும் இறக்கிவிட்டுப் புரதத்தை அங்கேயே விட்டுவிடும். அந்தப் புரதம் மறுபடி நீரை இழுத்துக்கொள்ளும். இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ அதே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது, அது வேறு கணக்கு. இரண்டாவது, ஒத்தடம். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம், எருக்கிலையை வாட்டி ஒத்தடம். சூடு பட்டால் ரத்தக் குழாய் விரிந்து இன்னும் அதிக நீர் சதைக்குள் இறங்கும். தழும்பேறி மரத்துப்போன தோலுக்குச் சூடும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். மூன்றாவது, எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவது. தோலுக்கு அடியில் மயிரிழை போல ஓடும் குழாய்களை அது நசுக்கத்தான் செய்யும். இதைச் செய்ததெல்லாம் பாசத்தில்தான். யார் மேலும் எனக்குக் கோபமில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? தோலில் ஆரம்பிக்க வேண்டும். நிணநீர் தேங்கிய கால் கிருமிக்கு விருந்து வைத்த பந்தி. ஊசி நுனியளவு வழி கிடைத்தாலும் உள்ளே போய்ப் பெருகும். தினமும் சோப்பு போட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். ஈரம் நின்றால் சேற்றுப்புண்; சேற்றுப்புண் வந்தால் அதற்கான களிம்பை அன்றே போட வேண்டும். பித்தவெடிப்புக்கும் காய்ந்த தோலுக்கும் வாசனை இல்லாத களிம்போ தேங்காய் எண்ணெயோ தடவினால் தோல் இளகி இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டக் கூடாது, நகச்சுற்று வந்துவிடும். சொல்ல எளிது. குடம் வைத்துத் தண்ணீர் வாங்கும் ஊரில், தள்ளுவண்டியில் நாலு குடம் கொண்டுவரும் வீட்டில், காலுக்கென்று ஒரு செம்பு நல்ல தண்ணீரைத் தனியாக எடுத்து வைப்பது பெரிய காரியம். எங்கள் வீட்டில் அரிசி களைவதற்கு முன் அந்தச் செம்பை எடுத்து வைத்துவிடுவோம்.

அடுத்தது செருப்பு. ராமநாதபுரம் மண்ணில் சீமைக்கருவேலம் இல்லாத இடம் எது? அந்த முள் ஒன்று சின்னம்மாவின் குதிகாலில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு விறகைச் சுமந்துகொண்டு வந்துவிட்டார். மறுநாள் மத்தியானம் உடம்பு தூக்கிப் போடும் குளிர், 103 டிகிரி காய்ச்சல், முழங்கால்வரை தீயாகச் சிவந்து பளபளவென்று இருந்தது. இதற்குப் பெயர் செல்லுலைட்டிஸ். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியின் வேலை. பாரசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயமில்லை இது. சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடலாம். உடனே மருத்துவமனைக்குப் போய் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறை இப்படி வரும்போதும் இருக்கிற குழாய்களில் இன்னும் சில பாழாகி, வீக்கம் ஒரு படி ஏறிவிடும். வீக்கம் ஏறினால் அடுத்த காய்ச்சல் சீக்கிரம் வரும்.

இந்தச் சுழலை அறுக்க முடியும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. காலில் செல்லுலைட்டிஸ் திரும்பத் திரும்ப வந்த 274 பேரிடம் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு வருடம் குறைந்த அளவில் பெனிசிலின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கும், சாப்பிடாதவர்களில் 37 சதவீதம் பேருக்கும் அந்த வருடத்தில் மறுபடி வந்தது. மாத்திரையை நிறுத்தியதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 2020இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். நாள்பட்ட கால் வீக்கமும் செல்லுலைட்டிஸும் இருந்த 84 பேரில், அழுத்தக் கட்டு அல்லது காலுறை போட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் திரும்ப வந்தது. போடாதவர்களில் 40 சதவீதம். காலை இறுக்கிக் கட்டி வைப்பது வீக்கத்துக்கு மட்டும் மருந்தில்லை, காய்ச்சலுக்கும் அதுதான் வேலி.

கட்டு என்றதும் மெடிக்கலில் கிடைக்கும் பழுப்பு நிற கிரேப் பேண்டேஜைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். நாங்களும் அதைத்தான் வாங்கினோம். அது நன்றாக இழுபடும், நடக்கும்போது சதையோடு சேர்ந்து விரிந்து கொடுத்துவிடும், ராத்திரி சும்மா இருக்கும்போது இறுக்கும். வேண்டியது இதற்கு நேர்மாறானது: குறைவாக இழுபடும் கட்டு. அது படுத்திருக்கும்போது தளர்வாக இருக்கும். நடக்கும்போது சதை புடைத்து, விரியாத அந்தத் துணியில் முட்டி, உள்ளே இருக்கும் நீர் மேலே பிழியப்படும். ஷார்ட் ஸ்ட்ரெட்ச் என்று கேட்டு வாங்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை, மதுரையிலிருந்து வரவழைத்தோம்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முதலில் தொடைவரை ஒரு மெல்லிய பருத்தி உறை. அப்புறம் ஒவ்வொரு கால்விரலுக்கும் தனித்தனியாக மெல்லிய துணிச் சுருள். கணுக்கால் குழிவுகளிலும் எலும்பு முட்டும் இடங்களிலும் பஞ்சு. அதன்மேல்தான் கட்டு. பாதத்துக்குக் குறுகிய சுருள், மேலே போகப் போக அகலமான சுருள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும். கீழே அழுத்தம் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருக்க வேண்டும். மாறிப்போனால் நீரை பாதத்துக்கே தள்ளிவிடும். முதல் நாள் எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. "ஏத்தா, கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி வைக்கிற மாதிரில்ல பாத்துப் பாத்துச் சுத்துற" என்று சின்னம்மா சிரித்தார். கட்டி முடித்ததும் விரல் நுனியை அழுத்திப் பார்ப்பேன், வெளுத்து உடனே சிவக்க வேண்டும். நீலம் பாய்ந்தாலோ மதமதத்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். மூன்று வாரம், குளிக்கும் நேரம் தவிர ராத்திரி பகலாக அந்தக் கட்டோடு இருந்தார். கெண்டைக்கால் சுற்றளவு 43 சென்டிமீட்டரிலிருந்து 37க்கு வந்தது.

கட்டுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். காலுக்கு ரத்தம் போகும் தமனி அடைபட்டிருந்தால், இறுக்கிக் கட்டுவது காலையே கெடுத்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள், பீடி சிகரெட் குடிப்பவர்கள் கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். இதயம் பலவீனமானவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கட்டக் கூடாது. காய்ச்சலும் சிவப்பும் இருக்கும் நாளில், ரத்தக்கட்டி சந்தேகம் இருக்கும் நாளில் தாமாகக் கட்ட வேண்டாம்.

கால் இறங்கியபின் காலுறைக்கு அளவெடுக்கிறார்கள். வீங்கிய காலுக்கு அளவெடுத்தால் வீக்கத்துக்கே சட்டை தைத்த மாதிரி ஆகிவிடும். காலுக்குப் பெரும்பாலும் இரண்டாம் தரம், அதாவது 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், அல்லது அதற்கு மேல் தேவைப்படும். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இழுத்தால் வழுக்காமல் ஏறும். இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று காயும்போது மற்றொன்று. பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். எங்கள் கரை வெயிலும் உப்பும் சேர்ந்தால் எலாஸ்டிக் சீக்கிரம் போய்விடுகிறது. ஆறு மாதத்தில் பிடிப்பு தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். ஒரு ஜோடி ஆயிரக்கணக்கில் ஆகிறது. சின்னம்மாவின் அறுவையும் கரண்டும் முதல்வர் காப்பீட்டு அட்டையில் நடந்தன. காலுறைக்குக் கைக்காசுதான். உயிரைக் காப்பாற்றும் செலவை அரசு ஏற்கும்போது, அந்த உயிர் நடமாடத் தேவையான காலுறையையும் சேர்த்து ஏற்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

நிணநீர் நீவல் என்று ஒன்று இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதி 1930களில் உருவாக்கியது. அழுத்தி உருவுவதற்கு நேர் எதிர்; குழந்தையின் நெற்றியைத் தடவும் அளவு மென்மையாகத் தோலை மட்டும் நகர்த்துவார்கள். கழுத்தில் தொடங்கி அக்குள், வயிறு, அப்புறம்தான் தொடை, கடைசியில் பாதம். வாய்க்காலின் கடைமடையைத் தூர்வாராமல் தலைமடையைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகும்? சிலருக்கு நல்ல இதம் கிடைக்கிறது. ஆனால் நீவல் துணைதான், கட்டும் காலுறையும்தான் தூண். நீவிவிட்டுக் கட்டாமல் விட்டால் சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிடும்.

அசையாமல் ஓய்வெடு என்ற பழைய அறிவுரை மாறிவிட்டது. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கை வீங்கியவர்கள் படிப்படியாக எடை தூக்கினால் வீக்கம் கூடுவதில்லை என்று 2009இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு அந்தப் பயத்தை உடைத்தது. அது கையைப் பற்றியது என்றாலும், காலுறையோடு நடப்பதும் கெண்டைச் சதைக்கு வேலை கொடுப்பதும் இன்று கால் சிகிச்சையின் ஒரு பகுதி.

இங்கேதான் நம் கடல் வருகிறது. தண்ணீருக்குள் நிற்கும்போது ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். ஒரு மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் பாதரச அளவு. பாதத்தில் அதிகம், தொடையில் குறைவு, மேலே வர வர இல்லை. காலுறை செய்ய நினைப்பதைக் கடல் தானாகச் செய்கிறது. நம் மக்கள் மன்னார் வளைகுடா பக்கத்தை ஆண் கடல் என்றும், அலையடங்கிய பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடலில், வெயில் ஏறும் முன், இடுப்பளவு தண்ணீரில் இருபது நிமிடம் நடப்பது சின்னம்மாவுக்கு இப்போது வாரம் மூன்று நாள் வழக்கம். காலில் கீறலோ புண்ணோ இருந்தால் அன்றைக்குக் கடல் கிடையாது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமி இருக்கலாம், ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ள வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும், இது வலைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து உடனே காலுறை. இல்லாவிட்டால் கடல் கொடுத்ததைக் கரை எடுத்துக்கொள்ளும்.

வேலைதான் கடினமான கேள்வி. சின்னம்மா முன்பு கடல்பாசி எடுக்கப் போனவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையிலும் பாரிலும் கால் ஊன்றி, மணிக்கணக்கில் முங்கி எடுக்கும் வேலை அது. பவளப் பாறையில் காலைக் கீறாமல் ஒரு நாளும் திரும்ப முடியாது. அதை விடச் சொன்னபோது அவருக்கு வருமானம் மட்டும் போகவில்லை, கூட்டாளிகளும் போனார்கள். இப்போது ஓலைப்பெட்டி முடைகிறார். ஒரே இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் கனக்கும் என்பதால், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து முற்றத்தைச் சுற்றி வருகிறார். மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது குதிகாலையும் விரலையும் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டே வருவார். ராத்திரி கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு செங்கல். வேளாங்கண்ணிக்கு வெறுங்காலில் நடப்பதாக ஒரு நேர்ச்சை இருந்தது. செருப்பும் காலுறையும் போட்டுக்கொண்டு பாதி வழி பஸ்ஸில் போனால் மாதா கோபிக்க மாட்டாள் என்று பங்குச் சாமியார் சொன்ன பிறகுதான் மனசு ஆறியது.

சாப்பாட்டில் அதிகம் குழம்ப வேண்டாம். புரதம் தேங்குகிறது என்பதால் மீனைக் குறைக்கச் சொல்வோர் உண்டு. அதில் பயன் இல்லை, உடம்புக்குப் புரதம் வேண்டும். எடை கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான பத்தியம்.

பேசக் கூச்சப்படும் இன்னொன்று உண்டு. சிலருக்கு வீக்கம் பிறப்புறுப்பிலும் அடிவயிற்றிலும் வரும். காலை மட்டும் அமுக்கும் பம்ப் மெஷின் வாங்கி வீட்டில் போடுகிறவர்களுக்கு நீர் மேலே தள்ளப்பட்டு அங்கே தேங்கிவிடலாம். அதைச் சொன்னால்தான் சிகிச்சையை மாற்ற முடியும். ஆண் மருத்துவரிடம் சொல்ல முடியாவிட்டால் நர்ஸிடம் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள். கட்டும் காலுறையும் போதாதவர்களுக்கு நிணநீர்க் குழாயை நுண்ணறுவையால் சிரையோடு இணைப்பது போன்ற அறுவைகள் இருக்கின்றன. அதற்குப் பிறகும் பெரும்பாலோர் காலுறையை விட முடியாது என்று தெரிந்துகொண்டே போக வேண்டும்.

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். கட்டு மாற்ற ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் போக முடியாது. 2022இல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்பு சிகிச்சையும் தருவது சேர்ந்திருக்கிறது. வருகிறவர்களிடம் சர்க்கரை மாத்திரையோடு இந்தக் காலையும் காட்டிக் கேட்கலாம். கட்டும் முறையை வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டால் போதும்.

சின்னம்மா வீட்டு அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, காலுறை போடும் முன், தையல் டேப்பை எடுத்து எப்போதும் அளக்கும் மூன்று இடங்களில் அளக்கிறோம். இரண்டு சென்டிமீட்டர் கூடினால் அந்த வாரம் மறுபடி கட்டு. போன ஞாயிறு கட்டத்தில் அவர் கையெழுத்தில் இருக்கிறது: கணுக்கால் 25, கெண்டை 37, தொடை 54. அதற்குக் கீழே, கடல் 3 நாள்.